மாமியார் முழித்த முகம்

ஓரகத்தி அழகாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அந்த அழகை மாமியார் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் வயிறு எரியத்தான் செய்யும். எனக்கு எரிந்த எரிச்சலில் ஓர் உலையே வைத்திருக்கலாம்.

"என்ற பெரிய மருமவ மகாலட்சுமியாட்ட இருப்பா" என்பார் என் மாமியார். நான் கல்யாணமாகி வருவதற்குள் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. என்னைப் பார்த்ததே இல்லை. சோறு பிசைந்து கொடுப்பவள் நான், கைபிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போகிறவள் நான். மகாலட்சுமி மட்டும் அவள். (இத்தனைக்கும் அவளுக்குக் காது கொஞ்சம் பெரிசு.)

மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஏழைபாழைகளுக்கு இலவசமாகக் கண் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொள்ளேகாலிலிருந்து மாமியார், ஓரகத்தி, நான் மூவரும் கிளம்பினோம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நோயாளி வீட்டார் சமைத்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. அங்கே புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். கட்டு அவிழ்த்ததும் அத்தை முழிக்கிற முதல் முகம் என்னுடையதாக இருக்கவேண்டும். அப்புறம் யார் மகாலட்சுமி என்று பார்த்துக்கொள்ளலாம்.

கட்டு அவிழ்க்கிற நாள் காலை கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டினேன். மண்டி மொஹல்லாக் கடைத்தெருவில் வாங்கிய பவுடரை, மிச்சம் வைப்பானேன் என்று, டப்பா காலியாகும்வரை பூசினேன். வார்டு வாசலில் நர்ஸ் மறித்தாள்.

"ஒருத்தர்தான் உள்ள வரலாம்மா. உங்க அத்தை பெரிய மருமகளத்தான் கேட்டாங்க."

ஓரகத்தி தலைப்பூவைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். நான் விடுவேனா? கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். வார்டு ஜன்னலுக்குக் கீழே செடிகளுக்கு நீர் பிடித்துவைக்கும் தொட்டி. அதன் விளிம்பில் ஏறி, பச்சைத் திரையை விலக்கி, கம்பிகளுக்கு நடுவே முகத்தை நுழைத்தேன்.

உள்ளே டாக்டரம்மா கட்டை அவிழ்த்து, தடிக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். திரை விலகி வெளிச்சம் வந்த பக்கம் அத்தை திரும்பினார்.

"அய்யோ, பேயி! வெள்ளப் பேயி!"

(டாக்டரம்மா வெள்ளைக்காரி. தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவர் முகம் சிவந்ததாக ஓரகத்தி இன்றுவரை சொல்கிறாள்.)

நான் தொட்டிக்குள் விழுந்தேன். வலியைவிட அவமானம் தாங்காமல் ஓவென்று அழுதேன். ஜன்னல் வழியே அத்தையின் குரல் கேட்டது.

"அழுவறது நம்ம சின்னவ. அவளக் கூட்டியாங்க."

பட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, பவுடர் கோடுகோடாக வழிய, கட்டிலருகே போய் நின்றேன்.

"எதுக்கு அம்முணி சன்னல்ல ஏறுன?"

"நீங்க அக்காளத்தான வரச்சொன்னீங்க? என்ற மொகத்தப் பாக்கோணும்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களே, அத்தை!"

"அடிப் பைத்தியக்காரி! எனக்குத் தெரிஞ்சது அவ மொகந்தான். அது பழையபடி தெரிஞ்சாத்தான கண்ணு வந்துருச்சுன்னு நம்பலாம்? வேற எவளையாச்சும் கொண்டாந்து நிறுத்தி, இவதான் சின்னவன்னு சொன்னாலும் நான் தலையாட்டிருப்பனே!"

டாக்டரம்மா மறுபடி கட்டுப்போட வந்தார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சித்த இருங்க தாயி. என்ற சின்ன மருமவள நான் இன்னும் பாக்கலீங்க. அம்முணி, நீ போயி மொகத்தக் கழுவிட்டு வா."

கழுவிக்கொண்டு வந்தேன். நெடுநேரம் பார்த்தார். மகாலட்சுமி என்று சொல்லவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "உன்ற கையாட்டவே இருக்குது மொகமும்" என்றார். அந்தக் கை சோறு பிசைந்த கை என்பது உறைத்ததும் மறுபடி அழுகை வந்தது.

ஊர் திரும்பியதும் அத்தை கண்ணாடியும் முறமுமாக உட்கார்ந்து என் அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தார். அதுவரை என் சோற்றில் கல்லே இல்லை என்று நம்பியிருந்த மனுஷி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும், நான் எதிரே வந்தால் "மொகம் கழுவியாச்சா?" என்று கேட்பார்கள். முதலில் கேட்பவள் ஓரகத்திதான்.

இப்போது அவளுக்கும் புரை வந்து ஆபரேஷன் ஆயிற்று. கட்டு அவிழ்க்கும்போது யார் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்களாம். "சின்னவள வரச்சொல்லுங்க. மொகத்தக் கழுவிட்டு வரச்சொல்லுங்க" என்றாளாம்.

பவுடர் போட்டுக்கொண்டுதான் போனேன்.