நெஞ்சறிந்த கட்சி

மக்களின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்று அறிந்துவைத்திருப்பதில் மைக் அண்ணனின் கட்சியை மிஞ்ச உலகத்தில் இன்னொரு கட்சி பிறக்கவில்லை. பிறந்தாலும், பிறந்த தேதி இவர்களிடம் இருக்கும்.

முன்பெல்லாம் இந்த வேலையைத் தொண்டர்கள் செய்தார்கள். வீடுவீடாக ஏறி இறங்கி, செருப்புத் தேய்ந்து, நாயிடம் கடிபட்டு, 'இந்த வீட்டில் நாலு ஓட்டு, ஒன்று சந்தேகம்' என்று வந்து சொல்வார்கள். அந்த அநாகரிகம் ஒழிந்தது. வாக்காளர் விவரங்கள் அத்தனையும் கடல்கடந்த ஒரு நிறுவனத்திடம் 'நம்பிக்கையின் பேரில்' ஒப்படைக்கப்பட்டுவிட்டன. இங்கே யார் எந்தக் கடையில் என்ன வாங்கினார்கள், யாரோடு எவ்வளவு நேரம் போனில் பேசினார்கள் என்று பார்த்து, ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதை அங்கே உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்கள்.

மைக் அண்ணன் கட்சியின் செய்தித் தொடர்பாளர். எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். அன்று நிருபர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"மக்களோட அந்தரங்கத்தை அந்நிய நாட்டுல கொண்டுபோய்க் கொடுக்கலாமா?"

"இங்கயே வச்சிருந்தாதாங்க ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துடுவான். அங்க இருக்கறவங்களுக்கு நாம யாருன்னே தெரியாது. ஆள் தெரியாதவங்ககிட்ட ரகசியம் சொன்னா அது வெளிய போகுமா?"

"அவங்ககிட்டப் போனதே வெளிய போனதுதானேங்க?"

"அது வெளிய போனது இல்ல, வெளிநாடு போனது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

தன் பதிலில் தானே சொக்கிப்போய் வீட்டுக்குக் கிளம்பினார்.

மைக் அண்ணனுக்கும் ஒரு ரகசியம் இருந்தது. மேடைக்கு மேடை தட்டிக் காட்டிய அந்த நெஞ்சுக்குள் அடைப்பு. அறுவைச் சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்று பக்கத்து ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். வேட்பாளர் பட்டியல் வரப்போகிற நேரம். வாலிபம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியது இந்த ஒரு சீட்டுக்காகத்தான். மனைவியிடம் சொன்னால் கையோடு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடுவாள். அதனால் மாத்திரைகளைச் 'சத்து மாத்திரை' என்று சொல்லி விழுங்கிக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு முன்னறையில் தையல் கடை. பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள், போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டாள். மைக் அண்ணன் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் அம்மையீர்," என்றது ஒரு பெண்குரல், எழுதிவைத்ததைப் படிப்பதுபோல. "தங்கள் கணவரின் இருதய அறுவைச் சிகிச்சை நல்லபடி நடக்க எங்கள் கட்சி வாழ்த்துகிறது. நாங்கள் ஆட்சிக்கு வந்தால் அடைப்புகள் அனைத்தும் இலவசமாக நீக்கப்படும்." கடல்கடந்த அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, அடுத்துக் கட்சியின் பெயரைச் சொன்னது. மைக் அண்ணனின் கட்சிதான்.

"ராங் நம்பர்மா. அவர் குத்துக்கல்லாட்டம் இங்க உட்கார்ந்திருக்கார்."

"இல்லை அம்மையீர். இரண்டு அடைப்புகள். காலையும் இரவும் மாத்திரை. மருந்துக்கடையில் தள்ளுபடிக்காகத் தங்கள் எண் தரப்பட்டுள்ளது."

தையல் மிஷின் நின்றது. மைக் அண்ணன் கேள்வி வருவதற்கு முன்பே பதில் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"சத்து மாத்திரையா?" என்றாள்.

"சீட்டு கிடைச்சதும் சொல்லலாம்னு..."

"கட்டின பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாது, கண்காணாத சீமையில எவளோ ஒருத்திக்குத் தெரியலாமா?" கையிலிருந்த சீருடையைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆனா, அவதான் எனக்குப் போன் போட்டுச் சொல்வாளா?"

மறுநாள் காலையில் மைக் அண்ணன் கட்சி அலுவலகத்துக்கு ஓடினார். தேர்தல் வேலைகளைக் கவனிக்கிற இளைஞரை எல்லோரும் 'வியூகம்' என்பார்கள். கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தார்.

"என் நெஞ்சைப் பத்தின குறிப்பை அழிச்சிடு தம்பி."

"தாராளமாண்ணே. ஆனா அங்க ஒரு நடைமுறை இருக்கு. அந்த நோயாளி நீங்கதான்னு நிரூபிக்கணும். ஸ்கேன், மருந்துச் சீட்டு, டாக்டர் சர்டிபிகேட் எல்லாத்தையும் அனுப்பினா உடனே அழிச்சிடுவாங்க."

"அனுப்பினதை?"

"அதுக்குத் தனி விண்ணப்பம்ணே." வியூகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. உங்க தொகுதி வேற ஆளுக்குப் போயிடுச்சு. உங்க பேருக்கு நேரா 'இடைத்தேர்தல் அபாயம் அதிகம்'னு வந்திருக்கு."

மைக் அண்ணனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. ஜெயித்தாலும் பாதியிலேயே செத்துப்போவார் என்பதைக் கட்சி அவ்வளவு பண்பாகச் சொல்லியிருந்தது.

"நான் சாகறதுல கட்சிக்கு அவ்வளவு வருத்தமாப்பா?"

"மறுபடியும் போஸ்டர் ஒட்டணுமேண்ணே."

அவர் வீடு திரும்பியபோது மனைவி கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, பையோடு வாசலில் நின்றிருந்தாள். அவள் பின்னாலேயே ஆட்டோவில் ஏறினார்.

நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். மனைவி பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கி எழுந்தாள். அவர் எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கட்டிலில் கிடக்கிறார் என்பது கட்சிக்குத் தெரியாமலா இருக்கும்? தலைவரிலிருந்து தொண்டர் வரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

தையல் பிரிப்பதற்கு முன் போன் வந்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். அதே குரல்.

"ஐயா, தாங்கள் தற்போது 'ஊசலாடுவோர்' பிரிவில் இருக்கிறீர்கள். தங்கள் வாக்கு குறித்து..."

"உயிர் ஊசலாடினப்ப ஒருத்தரும் வரலை," என்றாள் மனைவி. "ஓட்டு ஊசலாடுதுன்னதும் மூக்கு வேர்த்துடுச்சு. வைங்க போனை."

மைக் அண்ணன் வேண்டாம் என்று கையமர்த்தி, போனைத் தானே வாங்கிக்கொண்டார். அந்தக் குரல் தையல் ஆறிவிட்டதா, நடந்தால் மூச்சு வாங்குகிறதா, பசிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. பதில் சொல்லச் சொல்ல அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கூடவே இருந்தவங்க யாரும் கேட்கலம்மா. முகம் தெரியாத நீங்க கேட்டீங்க. உங்க பேர் என்னம்மா?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"மன்னிக்கவும் ஐயா. அது தனிப்பட்ட தகவல். வெளியாருக்குச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை."

மைக் அண்ணன் போனை மனைவியிடம் நீட்டினார்.

"ரகசியத்தைக் காப்பாத்தத் தெரியாதவங்கன்னு இவங்கள இனி யாரும் சொல்லக்கூடாது," என்றார். "நல்லாவே தெரிஞ்சிருக்கு."