முதல் கியரில் ஆனேக்கல் வரை

என் வாழ்க்கையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே வேலை, பல்சக்கரம் பார்ப்பது. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் கியர் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். ஒரு பல் மயிரிழை பிசகினாலும் அந்தச் சக்கரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்து ஒதுக்கிவிடுவேன். (கடைசல் பிரிவில் எனக்குச் 'சிவப்புச் சனியன்' என்று பெயர். தெரிந்தும் எனக்கு அதில் பெருமைதான்.) அப்பேர்ப்பட்ட நான்தான் ஊரிலேயே மட்டமான கியர்பாக்ஸை முழு மனதோடு வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினேன். அதை அனுபவித்தவள் என் மனைவி வசந்தா.

தொண்ணூறுகளில் பழைய பெட்ரோல் காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு, டீசல் இன்ஜினைப் பொருத்தி விற்பார்கள். அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு தரகர் அப்படி ஒன்றைக் காட்டினார். இன்ஜின்தான் மாறியிருந்தது, கியர்பாக்ஸ் பழையதே. டீசல் இன்ஜின் இழுக்கிற இழுப்பை அந்தப் பழைய பெட்டி தாங்குமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியே தெரியாதவன் ஏமாந்தால் பரிதாபப்படலாம். எனக்குத் தெரியும். அதற்காகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, இன்ஜினுக்கு இத்தனை, கியர்பாக்ஸுக்கு இத்தனை என்று மதிப்பெண் எல்லாம் வகுத்துக்கொண்டு போயிருந்தேன்.

கூட வந்தவர் நீலசந்திராவில் எங்கள் தெருமுனையில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த கரீம் பாய். வண்டியை ஏரியைச் சுற்றி ஓட்டினோம். கியர்பாக்ஸிலிருந்து சத்தமே இல்லை. எங்கள் பிரிவில் சத்தம் போடாத கியர் என்றால் சொக்கத்தங்கம். முழு மதிப்பெண் போட்டேன். கரீம் பாய் முகம் மட்டும் சரியில்லை.

"சார், பழைய பொட்டி கொஞ்சமாச்சும் முனகணும். இது கம்முனு கீது. எனக்கு டவுட்டா கீது. பத்து நிமிசம் குடுங்க, கீழ படுத்து ஆயிலைத் தொட்டுப் பாத்துட்றேன்."

மணி நாலு இருபது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம் பிறக்கிறது.

"பாய், நாலரைக்குள்ள அட்வான்ஸ் கைமாறணும். ஆயிலை அப்புறம் பாக்கலாம்."

"ஆயிலுக்கு ஏது சார் ராகுகாலம்?"

நான் கேட்கவில்லை. தொழிற்சாலையில் முதலாளியே வந்து நின்றாலும் பரிசோதனை முடியாமல் ஒரு சக்கரத்தை வெளியே விடாதவன், அன்று பரிசோதனையைப் பாதியில் நிறுத்தி, நாலு இருபத்தெட்டுக்கு முன்பணத்தைத் தரகர் கையில் திணித்தேன். வேண்டாத நேரத்தில் வாங்கவில்லை என்ற நிம்மதியோடு வீடு வந்தேன்.

பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் சவாரியாக ஆனேக்கல்லில் இருந்த மாமனாரைப் பார்க்கப் போனோம். அவர் ஓசூர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தேகம் அப்போதே தளர்ந்திருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று வந்தார். கியர் தடியின் தலைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "மேட்டுல ஏத்திப் பாத்தீங்களா மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாம் மார்க் போட்டுத்தான் மாமா எடுத்தேன்," என்றேன். அவர் சிரித்தார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், ஒரு காலையில் எதிர்வீட்டுப் போனில் மச்சான் கூப்பிட்டான். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, டாக்டர் கைவிரித்துவிட்டார், அக்காவையே கேட்டுக்கொண்டிருக்கிறார், உடனே வாருங்கள். வசந்தா உடுத்தியிருந்த புடவையோடு பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"என்னங்க, பஸ்ஸுலயே போயிடலாங்க. வண்டி நேத்துலேர்ந்து ஒரு மாதிரி ஊளையிடுது."

"டீசல் வண்டின்னா சத்தம் இருக்கத்தான் செய்யும். வாசல்ல காரை வெச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு நிப்பாங்களா?"

பொம்மனஹள்ளி தாண்டியதும் மூன்றாவது கியர் தானாக நழுவி நடுவில் வந்து நின்றது. மறுபடி தள்ளினேன், மறுபடி நழுவியது. எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பிறகு நான்காவது, பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் கல்மழை பெய்கிற மாதிரி அலறிவிட்டு ஓய்ந்தது. கொஞ்ச தூரத்தில் இரண்டாவதும் போனது. மிஞ்சியது முதல் கியர் ஒன்றுதான். இன்ஜின் புலி மாதிரி உறுமியது. வண்டி நடந்தது. சைக்கிளில் இளநீர் விற்பவர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், விற்றுவிட்டு, எதிரே திரும்பியும் வந்தார். (சத்தியமாக.) ஆனேக்கல் பஸ்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. வசந்தா ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு வந்தாள்.

சந்தாபுராவில் அவள் கதவைத் திறந்தாள். வண்டியை நிறுத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. ஓடுகிற காரிலிருந்து சாதாரணமாக இறங்கி, என்னோடு கூடவே நடந்து, ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"நீங்களும் வாங்க. இத்த இங்கயே விடுங்க."

"நீ முன்னால போ. நான் பின்னாலயே வந்துடறேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஓடிப்போய் பஸ் ஏறினாள். நான் ஏன் இறங்கவில்லை? பத்து பேர் பார்க்க நடுரோட்டில் அந்தக் காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏற எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் எதையாவது கண்டுபிடிக்க இத்தனை வருடமாக முயல்கிறேன், கிடைக்கவில்லை.

சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் அப்படி ஒன்றும் தூரமில்லை. இரண்டு முறை தண்ணீர் கொதித்து, ஆறவைத்து, நான் போய்ச் சேர உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. தெருமுனையிலேயே சாவுத் தமட்டைச் சத்தம் கேட்டது. வாசலில் பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வசந்தாவுக்குக் கால்மணி நேரம் கிடைத்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். "மாப்ள வரல?" என்று கேட்டிருக்கிறார். "கார்ல வந்துட்டிருக்காருப்பா," என்றிருக்கிறாள். கண்ணை மூடியபடியே அவர், "எந்த கியர்ல?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு பேசவில்லை.

அன்று மாலை, நடக்க முடியாத கிழவர்கள் நான்கு பேரை என் காரில் ஏற்றி, பாடைக்குப் பின்னால் வரச் சொன்னான் மச்சான். முதல் கியரில், தமட்டைக்கு ஏற்ற நடையில், ஓர் அடி முந்தாமல் பிந்தாமல் சுடுகாடு வரை வந்தது. அந்த வண்டி சரியான வேகத்தில் ஓடியது அன்று ஒரு நாள்தான். பின்னால் எடுக்கும் கியரும் செத்திருந்ததால், கொள்ளி வைத்துவிட்டு வந்த மச்சான் ஈர வேட்டியோடு அதைத் தள்ளித் திருப்பினான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கரீம் பாய் பெட்டியின் அடித்திருகைக் கழற்றினார். எண்ணெய் வரவில்லை. கருப்பாகக் களி மாதிரி ஏதோ விழுந்தது. விரலில் தேய்த்துக் காட்டினார். மரத்தூள். தேய்ந்த பற்கள் சத்தம் போடாமல் இருக்க இப்படி அடைத்து விற்பார்களாம். "பத்து நிமிசம் கேட்டேன் சார்," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது யார் எங்கே தாமதமாக வந்தாலும் எங்கள் வீட்டில் கேட்பது ஒன்றுதான்: "எந்த கியர்ல வர்றீங்க?" என் மகள் கல்யாணத்தில் சமையல்காரரிடம்கூடக் கேட்டார்கள். வசந்தாவும் சிரிப்பாள், அவள் அப்பா குரலிலேயே சொல்லியும் காட்டுவாள். அதற்குப் பிறகு நல்ல கார்களும் வாங்கிவிட்டோம். ஆனால் போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தம்பிக்கு முடியவில்லை என்று போன் வந்தபோது, நான் கார்ச் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வசந்தா அதற்குள் பையோடு தெருமுனை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.