எழுபத்தொரு வயதுக்காரனை வெளியே தள்ளிய தோழி

பதின்வயதினருக்கான இணைய அரட்டை ஆலோசனை மையத்தின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

உங்கள் மையத்தில் 'தோழி' என்ற பெயரில் பேசும் ஆலோசகர், நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது, வயதைக் காரணம் காட்டி என்னை வெளியே தள்ளிவிட்டார். இது அநியாயம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனாலும் அநியாயம் அநியாயம்தான்.

நான் நாற்பத்தாறு ஆண்டுகள் தையல் மெஷின் பழுது பார்த்தவன். யாரிடமும் தொழில் கற்கவில்லை. முதல் மெஷினைக் கழற்றினேன், திரும்ப மாட்டத் தெரியவில்லை, உட்கார்ந்து அழுதேன், பிறகு மாட்டினேன். அவ்வளவுதான் என் படிப்பு. இப்போது மகன் வீட்டில் இருக்கிறேன். அவனுக்கு ஒரே பெண், பதினான்கு வயது. பத்தொன்பது நாளாக அவள் என்னோடு பேசவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்றால் காலித் தட்டைக் காட்டுகிறாள். "பள்ளிக்கூடம் எப்படி?" என்றால் பையைக் காட்டுகிறாள். அப்படி என்ன குற்றம் செய்துவிட்டேன்? பேச்சுப் போட்டிக்காகக் கண்ணாடி முன் நின்று பழகியவள், பாதியில் மறந்துபோய் அழுதாள். அதை அவளுடைய சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தபோது கொஞ்சம் நடித்துக் காட்டினேன். நன்றாகத்தான் நடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், ஒருத்தியைத் தவிர. மறுநாள் அவள் போட்டியிலிருந்து விலகிவிட்டாள்.

அப்புறம்தான் மருமகள் வந்து சொன்னாள். "அவ பள்ளிக்கூடத்துல ஏற்பாடு பண்ணியிருக்காங்க மாமா. சனிக்கிழமை காலைல டேப்லெட்ல ஒரு ஆலோசகர்கூட டைப் பண்ணிப் பேசுறா. தயவுசெஞ்சு நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க." போகாதே என்றால் போகாமல் இருக்க நான் என்ன சுவரா? வாயுள்ளவர்கள் நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு பெண் விரலால் பேசுவதா? மேலும், ஓட்டிப் பார்க்காமல் எந்த மெஷினையும் நான் கடையை விட்டு அனுப்பியதில்லை. ஆகவே இன்று காலை அவள் தலை குளிக்கப் போன நேரத்தில் சாப்பாட்டு மேசையில் இருந்த டேப்லெட்டை எட்டிப் பார்த்தேன். "இன்னைக்கு எப்படி இருக்கே?" என்ற கேள்வி திரையில் காத்துக்கொண்டிருந்தது. கேட்டவரைக் காக்க வைப்பது மரியாதையா? அவள் இடத்தில் நானே எழுதினேன்: 'அன்புடையீர், நான் நலம். என் தாத்தா மிகவும் நல்லவர். அவர் எது செய்தாலும் என் நன்மைக்கே என்பதை இப்போது உணர்ந்துவிட்டேன்.'

உடனே பதில் வந்தது: "வணக்கம் தாத்தா."

எப்படிக் கண்டுபிடித்தார் என்பது இன்னும் விளங்கவில்லை. ஒரு எழுத்துப் பிழைகூட விடவில்லையே!

சரி, குட்டு உடைந்துவிட்டது. உடைந்தபின் எதற்குச் சுற்றி வளைப்பது என்று, "அவ உங்ககிட்ட என்ன சொன்னா?" என்று நேராகக் கேட்டேன். "அது அவளோடது தாத்தா. நான் சொல்லமாட்டேன்" என்றார். "மெஷின்ல என்ன கோளாறுன்னு சொந்தக்காரர்கிட்ட சொல்லாம எந்தக் கடை நடக்கும்?" என்றேன். "அவ மெஷின் இல்லையே. நீங்க சொந்தக்காரரும் இல்லை" என்றார். பிறகு, "நூல் அறுந்துக்கிட்டே இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். "முதல்ல இறுக்கத்தைத் தளர்த்துவேன். கத்துக்குட்டிதான் ஊசியைக் குறை சொல்லுவான்" என்றேன். "ம்" என்று மட்டும் எழுதினார். என் தொழிலை வைத்தே என்னை மடக்கியது இரண்டாவது அநியாயம்.

அதற்கப்புறம், "உங்களுக்கு எப்படி இருக்கு தாத்தா?" என்று கேட்டார். இந்த வீட்டில் என் ரத்த அழுத்தத்தைக் கேட்பார்கள், மாத்திரையைக் கேட்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை. ஒற்றை விரலால் தட்டிக்கொண்டே போனேன். அவள் அறை வாசலில் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வேண்டுமென்றே மூன்று தடவை கீழே போட்டதையும், மூன்று தடவையும் அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் போனதையும் எழுதினேன். அடுத்து, 'நான் செய்தது' என்று தொடங்கியபோதுதான் குறுக்கே வந்தார்: "இது பன்னிரண்டுலேர்ந்து பதினெட்டு வயசு வரைக்கும் உள்ளவங்க இடம் தாத்தா. பெரியவங்க பேச வேற எண் அனுப்புறேன். நீங்க இங்க வந்ததை அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க, இல்லேன்னா நான் சொல்லவேண்டியிருக்கும்." திரை நின்றுவிட்டது. நான் எழுதிய இரண்டு சொல் மட்டும் பெட்டிக்குள் அப்படியே கிடந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கைகள்: தாங்கள் வயது வரம்பை எழுபத்தொன்றாக உயர்த்த வேண்டும். தோழி எனக்கு எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அவள் என்ன சொன்னாள் என்பதில் பாதியையாவது எனக்குச் சொல்ல வேண்டும். நான் எதையும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

வயதில் மூத்தவன் என்பதால் உங்கள் எல்லோரையும் வாழ்த்துகிறேன். வாழ்த்துக்கும் புகாருக்கும் சம்பந்தமில்லை.

இப்படிக்கு,
வெளியே தள்ளப்பட்டவன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அவளே வந்து டேப்லெட்டை என் முன்னால் வைத்தாள். "'நான் செய்தது'ன்னு நிக்குது. மீதி எங்க?"

"முடிக்கிறதுக்குள்ள தள்ளிட்டாங்கம்மா."

"இப்போ யாரும் தள்ளலையே."

முடித்தேன், வாயால். மெஷினை மாட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. பிறகு இந்தக் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள். எந்த இடம் என்று கேட்டதற்கு, "அது என்னோடது" என்றாள். மேலே உள்ள கோரிக்கைகள் ரத்து. அவள் சொல்லச் சொல்ல எழுதியது கீழே:

பொறுப்பாளர் ஒன்றும் செய்ய வேண்டாம். தோழி வழக்கம்போல் சனிக்கிழமை வர வேண்டும். அப்பாவும் அம்மாவும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். தாத்தா டேப்லெட்டைத் தொடக்கூடாது. தோழி கொடுத்த எண்ணில் பேச வேண்டும். அதே சிநேகிதிகள் முன்னால், முதல் மெஷினை மாட்டத் தெரியாமல் தான் அழுததை நடித்துக் காட்ட வேண்டும்.

நன்றாக நடிக்க வேண்டுமாம்.