பொடி போடாத சதுரம்

உலகத்தில் நடக்கும் அத்தனை கோளாறுக்கும் காரணம், யாரோ எதையோ சரியாகக் கலக்காமல் விட்டதுதான் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஹவுஸ் ஓனர் நானோ முசே. சாலையில் குழியா, தாரைச் சரியாகக் கலக்கவில்லை. கல்யாண வீட்டில் சண்டையா, இரண்டு குடும்பமும் சரியாகக் கலக்கவில்லை. நான் கொடுக்கும் காலைக் காப்பியைக்கூட ஆறிப்போகும்வரை கலக்கிக்கொண்டே இருப்பார். பிறகு, காப்பி ஆறியிருக்கிறதே என்று என்னிடமே குறைப்படுவார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஊரான தலத்தெருவில் யாருக்கும் தெரியாது. பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். பிரான்சில் ஒரு பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். முசே என்பது, நம் 'சார்' மாதிரி, அங்கிருந்து கூடவே வந்த மரியாதை. நானோ என்பது அவர் வாயில் ஓயாமல் புரண்ட வார்த்தை. அவர் வீட்டில் இரண்டு போர்ஷன். ஒன்றில் அவர் தனியாக இருந்தார், மற்றதில் பள்ளிக்கூட டீச்சரான நானும் என் கணவரும். இரண்டுக்கும் மேலே ஒரே மொட்டை மாடி.

அந்த மாடிதான் எங்களைப் பிடித்த சனி. கடல் காற்றில் உப்பேறி, தளம் முழுக்க விரிசல். ஐப்பசி பிறந்தால் எங்கள் பின்னறையில் மழை பெய்துவிட்டுத்தான் தெருவில் பெய்யும். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றால் முசே விடமாட்டார். ஒருவர் துணிந்து பூச்சு வாளியோடு வந்தார். அவரை மாடிப்படியிலேயே உட்காரவைத்து, அந்த வாளியில் தண்ணீர் எத்தனை பங்கு, பிளாஸ்டிக் எத்தனை பங்கு, யார் கலக்கினார்கள், எவ்வளவு நேரம் கலக்கினார்கள் என்று விசாரணை நடத்தினார். அந்தக் கொத்தனார் இப்போதும் எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார் என்று கேள்வி.

தானே பூச்சு தயாரிக்கப் போவதாக முசே அறிவித்தார். அவர் அதை விளக்காத ஆளே தெருவில் கிடையாது என்பதால் எனக்கும் மனப்பாடம். தண்ணீரில் பிளாஸ்டிக் துளிகள் மிதக்கும் வெள்ளைப் பூச்சு அது. பூசியதும் தண்ணீர் காயும், துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சவ்வாகும். ஆனால் அந்தச் சவ்வில் கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் இருக்கும். ஈரமும் உப்பும் அந்த வழியாகத்தான் இறங்கும். சாதாரண மைக்ராஸ்கோப்பிலும் அகப்படாத அளவுக்குப் பொடியான, அவர் பாஷையில் நானோ, சிலிக்காவைக் கொஞ்சமாகச் சேர்த்தால் சவ்வு இறுகும், தண்ணீர் வழி தெரியாமல் திணறும். அளவு கூடினால் பொடி தனக்குள்ளேயே கட்டிக்கொள்ளும், இருந்த பலமும் போகும். ஆகவே கலக்க வேண்டும். விடாமல் கலக்க வேண்டும்.

அதற்கு அவர் கண்ணில் பட்டது என் மிக்ஸி. நான் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் என் கணவர் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். முசே எது கேட்டாலும், சரிங்க முசே என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பதில். திரும்பி வந்து பார்த்தால், சட்னி ஜாருக்குள் வெள்ளைத் தோல் படிந்து, சுரண்டினாலும் வரவில்லை. எப்படிப் பிடித்திருக்கிறது பாருங்கள் என்று முசே அதை என்னிடமே பெருமையாகக் காட்டினார். அப்புறம் என் துணிக் கொடியில், புடவைகளுக்கு நடுவே, பூச்சைக் காயவைத்து உரித்த பட்டைகள் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் கல் கட்டி, எது முதலில் அறும் என்று எதிரே நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பட்டை அறவில்லை, கொடி அறுந்தது. துவைத்த துணியெல்லாம் மண்ணில் கிடக்க, அவர் கைதட்டினார்.

ஒருவழியாகப் பூச்சு மாடிக்கு ஏறியது. பூசியதும், ஒழுகுகிறதா என்று பார்க்க, பக்கத்துச் சுரக்குடி வயலில் கட்டுவதுபோல மாடியில் தன் பக்கம் களிமண் வரப்பு கட்டித் தண்ணீர் தேக்கினார். தவளைகள் வந்து குடியேறின. நாற்று எப்போது விடப்போகிறீர்கள் என்று தெருவில் போகிறவர்களெல்லாம் என்னைக் கேட்டார்கள்.

இதையும் பொறுத்திருப்பேன். என் மகளுக்கு அப்போது தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்து அழைத்து வந்தாகிவிட்டது. கார்த்திகையில் குழந்தை. தாயும் பிள்ளையும் படுக்க எங்களிடம் இருந்தது அந்தப் பின்னறை ஒன்றுதான். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எல்லா இடமும் பளபளக்க, சரியாகப் பின்னறைக்கு மேலே ஒரு சதுரம் மட்டும் மங்கலாக இருந்தது.

"அது வெறும் பூச்சு டீச்சர். பொடி போடல. ஒப்பிட்டுப் பாக்க ஒரு இடம் அப்படி வேணுங்க. அங்கதான் விரிசல் அதிகம், வித்தியாசம் நல்லாத் தெரியும்."

"புள்ளத்தாச்சிப் பொண்ணு படுக்கப் போற ரூமுங்க அது. பொறக்கற புள்ள தலையில ஒழுகணுமா?"

"ஒழுகும்னு யாரு சொன்னா? ஒழுகுதான்னு பாக்கத்தானே வுட்டுருக்கேன்."

என் கணவர், அவர் சொல்றதிலயும் ஒரு இது இருக்கு என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் இன்றுவரை முடியவில்லை. மறுநாளிலிருந்து முசேவுக்குக் காப்பியை நிறுத்தினேன். பேச்சையும் நிறுத்தினேன். அவரோ, டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று என் கணவரிடம் கவலையாக விசாரித்தாராம்.

பேத்தி பிறந்தாள். நாங்கள் மொத்தப் பேரும் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்த நாட்களில் நல்ல வெயில். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கென்று வானம் பொத்துக்கொண்டது. பின்னறையில் கட்டிலைச் சுற்றி அண்டா, குண்டான், வாளி எல்லாம் வரிசையாக வைத்து, குழந்தைக்கு மேலே குடையும் விரித்து, அண்ணாந்தபடி உட்கார்ந்திருந்தேன். மழை கொட்டித் தீர்த்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. அண்டாக்கள் காய்ந்து கிடந்தன. எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம்.

மழை விடாத மறுநாள் காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்துப் போர்ஷன் கதவைத் தட்டினேன். திறந்தால் உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தது. முசேவின் மெத்தை ஊறிப்போய்ச் சுவரோரம் சாய்ந்திருந்தது. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொட்டு விழும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். வட்டம் போடப் போட அழிந்துகொண்டிருந்தது.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, எங்கள் சதுரத்துக்குப் பொடி கலந்த பூச்சைப் பூசியிருக்கிறார். அதோடு விட்டால் ஒப்பிட இடம் ஏது? தன் படுக்கைக்கு மேலே நன்றாகப் பிடித்திருந்த பூச்சைத் தளம் வரைக்கும் சுரண்டி எடுத்துவிட்டு, அங்கே வெறும் பூச்சைத் தடவியிருக்கிறார்.

"ஏங்க முசே, மனுசன் இருக்கற எடமா இது? இப்படிப் பண்ணலாமா?"

"நீங்க ஒத்துக்கல டீச்சர். இந்தப் பக்கம் குடியிருக்கிறவரு ஒண்ணும் ஆட்சேபிக்கல." சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு காப்பியை வாங்கினார். "பாப்பா பக்கம் ஒழுகிச்சாங்க?"

இல்லை என்றேன். அப்படியா என்று காப்பியைக் கலக்க ஆரம்பித்தார். கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் டம்ளருக்குள்ளேயே விழுந்தது. அதையும் சேர்த்துக் கலக்கினார். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அவர் மெத்தையை வெளியே இழுத்துப் போட்டேன், திட்டிக்கொண்டே எங்கள் கூடத்தில் அவருக்குப் பாய் விரித்தேன். மழை விட்டும் அந்தப் பாயைச் சுருட்ட எனக்கு மனசு வரவில்லை.