தெரு வைத்த மொய் விருந்து

மணமேல்குடியில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் அன்புள்ள மச்சான் முத்துராஜ் அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரர் கண்ணுசாமி புதுக்கோட்டையிலிருந்து எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். அங்கும் அப்படியே இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். போனில் சொல்லலாம்தான். பணம் என்ற சொல் வந்ததும் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது.

எங்கள் ஊர் மாநகராட்சி ஆனது உங்களுக்குத் தெரியும். வரி உடனே உயர்ந்தது, தெரு மட்டும் பழைய பள்ளத்திலேயே கிடந்தது. ஆபீசில் போய்க் கேட்டோம். தெருக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அவர்கள் போட்டு சிமெண்ட் ரோடு போடுவார்களாம். தெருச் சங்கக் கூட்டம் கூட்டினோம். ஒருவர் கையும் சட்டைப் பைக்குப் போகவில்லை. அப்போதுதான் செயலாளர் நாகராசு எழுந்து, "வீடு கட்ட, கடை வைக்க நம்ம பக்கம் என்ன செய்வோம்? மொய் விருந்து வச்சாப் போச்சு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பத்திரிகையில் அழைப்பவர் என்று ஒரு பெயர் வேண்டுமே, தெருவின் பெயரைப் போட்டால் யார் வருவார்கள்? ரிட்டயர்டு ஆகிச் சும்மாதானே இருக்கீங்க என்று என் பெயரைப் போட்டுவிட்டார்கள். போன ஆடியில் ஆட்டுக்கறிச் சாப்பாடு, வல்லத்திராக்கோட்டை வரைக்கும் கூட்டம், மொய் குவிந்தது, ரோடும் வந்தது. நல்ல ரோடு, குறை சொல்ல முடியாது.

இந்த ஆடி பிறந்ததும் பத்திரிகைகள் வர ஆரம்பித்தன. மொய் எழுதியவன் விருந்து வைத்தால், வாங்கியவன் மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். வாங்கியவன் யார்? பத்திரிகைப்படி நான். சங்கத்தில் போய்ப் பங்கு கேட்டேன். அவர்கள் எல்லோரும் அன்றைக்கு ஆளுக்கொரு மொய் எழுதியிருக்கிறார்களாம், நான்தான் அவர்களுக்கும் திருப்ப வேண்டுமாம். நாகராசு அடுத்த வாரம் விருந்து வைக்கிறார், பத்திரிகையை அவரே கொண்டுவந்து கொடுத்தார். வல்லத்திராக்கோட்டை விவசாயி ஒருவர் வந்து ரோட்டைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ரோடு நல்லாத்தாங்க இருக்கு, எங்க மொய்யத்தான் இன்னும் காணோம்" என்கிறார். உங்கள் அக்கா சங்கிலி அடகுக்குப் போய்விட்டது. "ஊர் கூடி ரோடு போட்டுச்சு, கடைசியில அது நம்ம வீட்டு ரோடாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கொண்டாள். அவள் வெறுங்கழுத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை. புத்திமதி மட்டும் சொல்கிறேன். ரோடு, கோயில், குளம் என்று யார் வந்து நின்றாலும் எதை வேண்டுமானாலும் கொடுங்கள், பெயரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் ஊர் வலையில் மீனும் எங்கள் வாசலில் நிம்மதியும் தங்கட்டும்.

இப்படிக்கு,
கண்ணுசாமி

பின்குறிப்பு: பாதாளச் சாக்கடைக்காக ரோட்டைத் தோண்டப் போகிறார்களாம். திரும்பப் போட மறுபடியும் மூன்றில் ஒரு பங்கு. நேற்றுக் கூட்டத்தில் இன்னொரு மொய் விருந்து என்று முடிவாகிவிட்டது. என் பெயரில் கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள். பத்திரிகையை இத்துடன் வைத்திருக்கிறேன். அழைப்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயரும் கம்பெனி விலாசமும் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும்.