மூடியார் திறக்காத வாளி

கனடாவின் இந்த மொன்றியலில் மூடியிருக்கிற எதையும் மூடியபடி விட்டுவைக்காத ஒரே மனிதர் எங்கள் மூடியார்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கக் கூச்சம்.

சென்ட் லோரன்டில் என் கதவுக்கு எதிர்க்கதவு அவருடையது. மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடம் போத்தலுக்கு மூடி போட்டவர். அங்கே மூடிய பாவத்துக்கு வெளியே திறந்து பரிகாரம் செய்தார் போலும். யார் வீட்டுக்குப் போனாலும் நேரே குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து மணப்பார். கோயில் அன்னதானத்தில் பூசை முடியுமுன் சாம்பார்க் கிடாரத்தைத் திறந்து, ஆவியில் கண்ணாடி மறைய, "உப்புக் காணாது" என்றவர். காணாதுதான். என் தோசை மாவை அவர் திறக்காத காலை கிடையாது. "அக்கா, இன்னும் ரெண்டு மணித்தியாலம் விடுங்கோ" என்பார். அதுவும் சரியாகத்தான் இருக்கும். அதுதான் எரிச்சல்.

அப்படிப்பட்டவர், திறக்கக் கூடாத ஒரு வாளியைத் தானே தேடிக்கொண்டார்.

அவர் மகள் அபி பிரெஞ்சு பேசுகிற ஒரு கெபெக் பையனை விரும்பினாள். லொங்குய்யில் இருக்கிற பையனின் அப்பா வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். முதல் சந்திப்பில் மரியாதைக்கு ஒரு போத்தலைத் திறந்து கொடுத்தாராம். இவர் குடித்துவிட்டு வாய் சும்மா கிடக்காமல், "நானும் காய்ச்சிறனான். அடுத்த மாதம் எங்கட வீட்டுக்கு வாங்கோ, என்ரையைக் குடிச்சுப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டார். தாயில்லாப் பிள்ளையின் சம்பந்தம் பொய்யிலா தொடங்க வேண்டும்? அபி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் இவர், காய்ச்சும் சாமானும் செய்முறைக் கடதாசியும் அடைத்த ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியோடு வந்து இறங்கினார்.

காய்ச்சி, ஆறவிட்டு, ஈஸ்ட் தூவி, மூடியாயிற்று. மூடியின் நடுவில் தண்ணீர் விட்ட சின்னக் குழாய் ஒன்று. உள்ளே புளித்தால் அதில் குமிழி வர வேண்டும். புளிக்க இரண்டு கிழமை, போத்தலில் கிடக்க இரண்டு கிழமை, ஒரு மாதம் முடிந்து விருந்து நாள் வந்துவிடும். பிழைத்தால் திருப்பிக் காய்ச்ச நேரமில்லை.

முதல் நாள் குமிழி இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை என் கதவைத் தட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் முகம்.

"அக்கா, ஒருக்கா வாங்கோ. உயிர் கிடக்கோ எண்டு பாருங்கோ."

"ஐயோ தம்பி, எனக்கென்ன தெரியும்? நான் அதை வாயிலயும் வைச்சதில்லை."

"தோசை மா தெரியுமெல்லோ? ரெண்டும் புளிக்கிறதுதானே!"

போனேன். ஹீற்றருக்குப் பக்கத்தில் வாளி, அவருடைய பனிக்கால ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. ஸிப்பும் இழுத்துவிட்டிருந்தார். குளிர்காலத்தில் நான் தோசை மாவுக்குக் கம்பளி சுற்றுவதைப் பார்த்த வேலை. குழாய் மட்டும் மூக்குப் போல வெளியே தெரிந்தது.

"கடதாசியில என்ன போட்டிருக்கு?"

"இருபது பாகைக்கு மேல சூடு கூடாதாம்."

"பிறகேன் ஜக்கெட்?"

"பாவம், குளிருமெண்டு..."

கழற்றி, வாளியை ஜன்னல் பக்கம் நகர்த்தினோம்.

"திறந்து பாத்தனீங்களோ?"

"சத்தியமா இல்லை அக்கா."

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"ஏழு தரம்" என்றார். கை மூடியில் இருந்தது. "எட்டாந் தரம் திறக்கட்டோ? திறந்தா ஊத்தை விழுந்து பழுதாகுமாம். திறக்காட்டி எனக்கு விசர் பிடிக்கும்."

"கையை எடும்!"

அந்தக் குரல் என்னுடையதுதான். எனக்கே பயமாகப் போய்விட்டது. அவர் எடுத்துவிட்டார்.

டோர்ச்சை வாளியின் பின்பக்கம் பிடிக்கச் சொன்னேன். பியர் நின்ற மட்டம் நிழலாகத் தெரிந்தது. அதற்கு மேலே மூன்று விரல் உயரத்துக்கு நுரை. மா பொங்கிச் சட்டியில் ஏறுவதும் இப்படித்தான். நுரை இருக்கிறது, குமிழி எங்கே? ஈர விரலை மூடியோரமாக மெல்லச் சுற்றிக்கொண்டு போனேன். அவர் டோர்ச்சோடு பின்னால் வந்தார். ஓரிடத்தில் விரல் குளிர்ந்தது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். விடிய அப்ப மாவில் வரும் அதே புளிப்பு மணம்.

"தம்பி, இது சாகேல்லை. நீங்கள் திறந்து திறந்து மூடினதில இந்தப் பக்கம் இறுகேல்லை. காத்து இதால போகுது. மூடி போட்டே பென்ஷன் எடுத்த மனிசன்!"

வெட்கத்தோடு இரண்டு கையாலும் அழுத்தினார். 'டக்' என்றது. குழாயைப் பார்த்தபடி இரண்டு பேரும் நிலத்தில் குந்தியிருந்தோம். கனநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று. புளுக்.

அவர் வேலையிடத்தில் இருந்த மகளுக்குப் போன் அடித்து, "அபி, மூச்சு விடுது!" என்று கத்தினார். அந்தப் பிள்ளை யாருக்கு என்னவோ என்று நடுங்கிப்போனாள்.

அதன்பிறகு வாளியைத் தொடவில்லை. கை அரித்த போதெல்லாம் என் குசினிக்கு வந்து உப்புப் போத்தல், சீனிப் போத்தல், மிளகாய்த்தூள் ரின் எல்லாம் திறந்து மூடிவிட்டுப் போனார். இரண்டாம் கிழமை முடிவில் புளிப்பு முடிந்ததா என்று காட்டும் அளவுக் கண்ணாடியை மிதக்கவிட்டு, அடுத்தடுத்து இரண்டு நாளும் ஒரே இலக்கம் காட்டியபின்தான் போத்தலில் அடைத்தார்.

விருந்தன்று நண்டுக்கறி என் பொறுப்பு. ஆட்களுக்கு முன்னால் போகக் கூசி, குசினிக்குள்ளேயே நின்றேன். போத்தல் 'உஸ்' என்றது. கிளாஸில் ஊற்றுவது கேட்டது. நான் முருகனைக் கூப்பிட்டேன். பியருக்காகக் கூப்பிடலாமோ தெரியவில்லை.

காலடி கேட்டது. சம்பந்தி, அடியில் நுரை மட்டும் மிஞ்சிய வெறும் கிளாஸோடு குசினிக்குள் வந்தார். "போன்சூர்" என்று வணக்கம் சொன்னார். பிறகு ஒருவரையும் கேட்காமல் நண்டுச் சட்டியின் மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டார்.

வாசலில் மூடியார், கண் கலங்கி நின்றார். "அக்கா, எங்கட ஆள்!"

கலியாணத்துக்குப் பிறகு அவர் மகளோடு புரோசார்டுக்குப் போய்விட்டார். எதிர்க்கதவில் இப்போது வேறு குடும்பம். நல்ல சனம், ஒன்றையும் திறக்கமாட்டார்கள். காலையில் மா பொங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நானாக மூடியை எடுக்க மனம் வராமல், கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.