பச்சை ஜன்னலை மட்டும் தட்டாதே

செலினா வீடு,
விண்டர்மியர் ஏரிக்கரை,
ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை.

என் அருமை நண்பன் ஈனாக் டாட்டர்சாலுக்கு ஜேபஸ் என்ட்விசில் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், மகள் செலினா நலம், அவள் புருஷன் ஐசக் நலம். அங்கே நீயும் உன் வலது முழங்காலும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. விடிவதற்கு முன் ஓல்டம் தெருக்களில் நீளக் கழியைத் தூக்கி, மாடி ஜன்னல்களைத் தட்டி, மில் ஆட்களை எழுப்பியே காய்த்துப்போன கை இது. இவ்வளவு சின்னப் பேனாவைக் கொடுத்தால் எங்கே பிடிப்பது என்று அதற்கே தெரியவில்லை. வரி நேராகத்தான் புறப்படுகிறது. பாதி வழியில், கட்டை கழன்ற நிலக்கரி வண்டி மாதிரி, சரிந்து மூலைக்குப் போய்விடுகிறது. புதன்கிழமை தொடங்கினேன், இன்று வெள்ளி. ஆனால் ஈனாக், இந்த வயதில் நானே எழுதுகிறேன்! யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை! ‘ஏரி’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஏரி இருக்கிறது. இந்த ஆச்சரியத்திலேயே ஒரு மத்தியானம் போய்விட்டது.

உனக்கு எழுத்து தெரியாது. ஆகையால் மார்த்தா ஆக்டன் அம்மாள்தான் இதை உனக்கு வாசித்துக் காட்டுவார். அவருடைய மாட்டுக்குடல் விற்கும் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், அதற்கு முன் போய்த் தொந்தரவு செய்யாதே. சேப்பலில் ஞாயிறுதோறும் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே என்பதால் இதிலுள்ள பிழைகளில் பாதி அவரைச் சேரும். அம்மா, இது விளையாட்டாக எழுதியது. எல்லாம் என்னையே சேரும்.

இனித் தொழில் விஷயம். நான் வரும்வரை கழி உன் கையில். தட்டிவிட்டு ஓடாதே. ஜன்னலில் முகம் தெரியும்வரை நிற்க வேண்டும். குரல் மட்டும் வந்தால் நம்பாதே. குரலைக் கொடுத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார்கள். முகத்தைப் பார்த்தால்தான் நம் வேலை முடிந்தது. பெல் தெருவில் பச்சைக் கதவு போட்ட ஜன்னலை மட்டும் தட்டாதே. நான் ஊருக்குப் புறப்பட்ட காலையில் அந்த வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, “நீங்க திரும்பி வர்ற வரைக்கும் என் ஜன்னலை யாரும் தட்ட வேண்டாம், மிஸ்டர் என்ட்விசில்” என்று சொல்லிவிட்டார். ஆறு வருஷமாகத் தட்டிய ஜன்னல். ஒருநாள் பிந்தியதில்லை, கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. என்ன குறை கண்டாரோ, என்னைக் கைகழுவத்தான் இப்படி நயமாகச் சொன்னாரோ, ரயிலில் வரும்போதெல்லாம் அதே யோசனை. நீ மெதுவாக விசாரித்துப் பார், ஆனால் அந்த அம்மாளுக்குத் தெரியக் கூடாது. இவ்வளவும் எழுதிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது, வாசிப்பவரே அந்த அம்மாள்தான். அம்மா, ‘பெல் தெரு’ என்ற இடத்திலிருந்து இதுவரை சத்தமாகவும் வாசிக்க வேண்டாம், மனசுக்குள்ளும் வாசிக்க வேண்டாம்.

ஈனாக், இங்கே என்னை ஒரு பெரிய சிக்கலில் மாட்டிவைத்திருக்கிறார்கள். வந்து இறங்கிய அன்றே செலினா சொல்லிவிட்டாள்: “அப்பா, போதும் நீங்க கழி தூக்கினது. மழையிலயும் புகையிலயும் ஒத்தையா கெடந்து என்ன காணப் போறீங்க? பேசாம இங்கயே இருந்துடுங்க.” ஐசக் வாடகைக்குப் படகு விடுகிறவன். “மாமா, நீங்க கரையில உட்கார்ந்து படகைப் பார்த்துக்கிட்டா போதும். அது ஓடிப் போகாது, எதுத்தும் பேசாது” என்றான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது நான் பதில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை அவன் வண்டி ஸ்டேஷனுக்குப் போகிறது. அதில் நான் ஏறுவதா, கரையிலேயே தங்கிவிடுவதா? இதுதான் கேள்வி. இந்த ஊரைப் புரிந்துகொண்ட பிறகு பதில் சொல்லலாம் என்றிருந்தேன். புரியத்தான் மாட்டேன் என்கிறது.

புகை கிடையாது. மில் சங்கு கிடையாது. காலையில் எழுந்தவுடன் எல்லாம் நின்றுபோய்விட்டது போலப் பயமாக இருக்கிறது. செலினா வீட்டில் விடுமுறைக்கு அறை எடுத்துத் தங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பொட்டலமாக இறைச்சியும் உருளைக்கிழங்கும் தாங்களே வாங்கிவந்து கொடுக்கிறார்கள், இவள் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சட்டியில் வேகவைத்துக் கொடுக்கிறாள். எந்தச் சட்டி யாருடையது என்று நான் கிளறிப் பார்த்ததில் லீட்ஸிலிருந்து வந்த புதுமணத் தம்பதிக்கு, மாடியில் தங்கியிருக்கும் கர்னலின் சிறுநீரகம் போய்விட்டது. அதாவது கர்னல் வாங்கிவந்த ஆட்டுச் சிறுநீரகம். சாப்பிட்ட பிறகு எல்லாரும் படகில் ஏறி ஏரி நடுவுக்குப் போகிறார்கள். அங்கே இறங்குவதில்லை, எதையும் வாங்குவதில்லை, திரும்பி ஏறின இடத்துக்கே வருகிறார்கள். “என்ன, மறந்து எதையாவது வச்சுட்டுப் போயிட்டாங்களா?” என்று ஐசக்கைக் கேட்டேன். அவன் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தான். மிஸ் பிண்டர் என்று ஒரு வயதான சீமாட்டி, குடையைக் கட்டிவைத்துக்கொண்டு நாள் முழுக்க எதிர் மலையைப் படமாக வரைகிறார். மலை எங்கும் போகப் போவதில்லையே அம்மா, வேண்டும்போது வந்து பார்த்துக்கொள்ளலாமே என்றேன். “நான் போயிடுவேனே, மிஸ்டர் என்ட்விசில்” என்றார். அது என்ன பதில் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி இங்கே நடந்த விபரீதத்தைச் சொல்கிறேன். வந்த மறுநாள் விடிகாலை வழக்கம்போல விழிப்பு வந்துவிட்டது. வீடு நிசப்தமாக இருந்தது. மாடியில் அத்தனை ஜன்னலும் சாத்தியிருந்தது. எனக்குப் பகீர் என்றது. இத்தனை பேரும் எழுந்திருக்காமல் கிடக்கிறார்களே, யார் பொறுப்பு? கை தானாக ஐசக்கின் படகுக் கொக்கிக் கழியை எடுத்துக்கொண்டது. முதல் ஜன்னல் கர்னலுடையது. தட்டினேன். “யார்டா அது?” என்று குரல் வந்தது. குரலை நம்பலாமா? மறுபடி தட்டினேன். தூக்கக் குல்லாயோடு முகம் வந்தது.

“என்னய்யா, வீடு பத்திக்கிச்சா?”

“இல்லீங்க ஐயா. நாலரை ஆச்சு.”

“நாலரை ஆனா?”

“எழுந்திருக்கணுமுங்க.”

“எதுக்குடா?”

இத்தனை காலத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, ஈனாக். அவர் திட்ட ஆரம்பித்தார். ஆப்கானிஸ்தானில் கற்றுக்கொண்ட வார்த்தைகள் போலிருக்கிறது, பாதி புரியவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நம் ஊரில் திட்டாமல் எழுந்தவன் உண்டா? முகம் தெரிந்தது, திட்டும் கிடைத்தது, வேலை முடிந்தது என்று தொப்பியைத் தொட்டுவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனேன். புதுமணத் தம்பதி முகம் காட்டவே மறுத்தார்கள். நானா விடுவேன்? நெடுநேரம் தட்டினேன். கடைசியில் அந்தப் பையன் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, “எங்க மாமனாரா உங்களை அனுப்பினாரு?” என்று அழாக்குறையாகக் கேட்டான்.

செலினா தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். “அப்பா! இவங்கள்லாம் தூங்கறதுக்குன்னே ரயில் ஏறி வந்தவங்கப்பா!”

“தூங்கறதுக்கு இவ்வளவு தூரம் எதுக்கும்மா வரணும்? அவங்க வீட்டுல கட்டில் இல்லையா?”

“மாமா, இன்னும் ரெண்டு ஜன்னல் பாக்கி இருக்கு, அதை மட்டும் ஏன் விட்டீங்க?” என்றான் ஐசக். அவன் கேலி செய்கிறான் என்று தெரியாமல் அந்த இரண்டையும் போய்த் தட்டிவிட்டு வந்தேன்.

காலைக் கஞ்சியின்போது எல்லாரும் என்னை முறைத்தார்கள். முன்னறைச் சுவரிலிருக்கும் மகாராணியின் படம்கூட அகாலத்தில் எழுப்பிவிடப்பட்டவர் மாதிரி என்னை முறைத்தது. கர்னல் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். செலினா மூலையில் நின்று இடுப்பில் கட்டிய சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகளின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கையில், மிஸ் பிண்டர் கரண்டியை வைத்துவிட்டு, “மிஸ்டர் என்ட்விசில், நாளைக்கும் என் ஜன்னலைத் தட்டுவீங்களா?” என்றார். அன்று காலை என்மேல் கோபித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தாராம், அந்த நேரம் பார்த்து மலைமேல் வெயில் வந்ததாம். எத்தனையோ கோடையாக வந்தும் பார்த்ததில்லையாம்.

“நாளைக்கு என்ன வேலைங்கம்மா உங்களுக்கு?”

“வேலை ஒண்ணும் இல்லை.”

“வேலை இல்லாம எதுக்குங்க அந்நேரத்துல எழுந்திருக்கணும்?”

“பார்க்கணும்னு ஆசையா இருக்கறதைப் பார்க்கத்தான். வேற எதுக்கு?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் மறுநாள் தட்டினேன். அதற்கடுத்த நாள் புதுமணப் பெண்ணும் கேட்டாள். கர்னல் கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டு, தன்னையும் எழுப்ப வேண்டும், ஆனால் திட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்றார். தாராளமாக என்றேன். இப்போது வீடே விடியலில் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு மலையைப் பார்க்கிறது, நான் கீழே நின்று அந்த முகங்களைப் பார்க்கிறேன். செலினாவுக்கு ஒரே குதூகலம். “பார்த்தீங்களா அப்பா, உங்க தொழிலும் இங்கயே வந்துடுச்சு. இனி ஓல்டம்ல உங்களுக்கு என்ன இருக்கு?”

யோசித்துப் பார்த்தேன். சரிதானே? மகள் இருக்கிறாள், தட்ட ஜன்னல் இருக்கிறது, திட்டக் கர்னல் இருக்கிறார். ஓல்டத்தில் என்னைக் கைகழுவிய பச்சை ஜன்னல் ஒன்றுதான் மிச்சம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சரி என்று சொல்லப் போகிறேன். ஈனாக், கழியை நீயே வைத்துக்கொள், உன் உயரத்துக்கு நீளம் அதிகம் என்றால் அறுத்துக்கொள். என் மழைத் தொப்பி அங்கே வீட்டு ஆணியில் தொங்குகிறது, அதுவும் உனக்கே.

நம் தெருவார் எல்லாருக்கும் என் வணக்கம். நேரத்துக்கு எழுந்தவர்களுக்கு முதலில் சொல், எழாதவர்களுக்கு எழுந்த பிறகு சொல். கர்த்தர் உன் முழங்காலைக் காப்பாராக. அடுத்த வாரமும் இந்தக் கரையில் உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். அதற்குள் வரிகள் கொஞ்சம் நேராகிவிடும்.

உன் நண்பன்,
ஜேபஸ் என்ட்விசில்
(என் பெயரை நானே எழுதியிருக்கிறேன்.)

பின்குறிப்பு: ஈனாக், கழியை அறுத்துவிடாதே! கடிதத்தை மடித்தபோது, ‘பார்க்கணும்னு ஆசையா இருக்கறதைப் பார்க்கத்தான்’ என்று மிஸ் பிண்டர் சொன்னது மறுபடி காதில் விழுந்தது. நீ இப்போது உள்ளே போய் அம்மாளின் அடுப்பில் கெட்டில் கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிரு. கூப்பிடும்வரை வராதே.

மார்த்தா அம்மாளுக்கு. உங்கள் கடை திறப்பது ஒன்பது மணிக்கு. ஆறு வருஷமாக ஐந்துக்கு எழுப்பச் சொன்னீர்கள். என் கழி மேலே எட்டுவதற்குள் விளக்கு எரியும். மற்றவர்கள் திட்டுவார்கள், நீங்கள் தலைவாரி, சால்வை போர்த்தி நின்று, “மழையா, மிஸ்டர் என்ட்விசில்?” என்று கேட்பீர்கள். நான் நனைந்துபோய் நின்றிருப்பேன், அப்போதும் கேட்பீர்கள். முன்பே விழித்திருப்பவருக்கு நான் எதற்கு என்று எனக்கு விளங்கியதே இல்லை. எழுத்தைச் சொல்லிக்கொடுத்தீர்கள், இதைச் சொல்லித்தரவில்லையே!

மேலே சரி என்று எழுதியதையும், அடுத்த வாரம் எழுதுவேன் என்றதையும் நீங்களே அடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வண்டி ஏறுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குப் பச்சை ஜன்னலைத் தட்டுவேன். நான் நினைத்தது தப்பு என்றால் முகத்தைக் காட்ட வேண்டாம். ஆனால் என் தொழில் உங்களுக்குத் தெரியும். முகம் தெரியும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.